வேலை கொடுப்பவன் பணம் கேட்பானா?

(மயிலாடும்பாறையில் நடந்த சுயமரியாதைப் பொதுக்கூட்டத்தில் பேசியதன் சாரம்)



எனக்கு முன் பேசிய தோழர் சாதிப் பித்தலாட்டத்தைப் பற்றியும் சோதிடப் புரட்டைப் பற்றியும் விரிவாகப் பேசிவிட்டார். அதையே நானும் திருப்பிச் சொல்லுவதில் பயனில்லை. ஆகவே இன்று நான் கோவிலில் இருக்கிற சாமியை விட்டுவிட்டு, உங்கள் சட்டைப் பையிலும் மடியிலும் இருக்கிற செல்போனைப் பற்றிப் பேசலாம் என்றிருக்கிறேன். இதென்ன, சுயமரியாதைக் கூட்டத்தில் பேசக்கூடிய சங்கதியா என்று சிலர் நினைக்கலாம். பேசி முடித்த பிறகு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

இன்று மாலை கூட்டம் தொடங்குவதற்கு முன் இந்தப் பக்கத்துத் தாயார் ஒருவர் என்னிடம் வந்தார். பெயரைச் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டார், ஆதலால் சொல்லவில்லை. அவருடைய செல்போனுக்கு, "வீட்டில் இருந்தபடியே தினம் இரண்டாயிரம் சம்பாதிக்கலாம்" என்று ஒரு சேதி வந்ததாம். முதல் நாள் நூற்றைம்பது ரூபாய் வந்ததாம். பிறகு இவர் கட்டினார், கட்டினார், கட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் காதுத் தோடும் அடகுக் கடைக்குப் போயிற்று. பணம் திரும்பவில்லை. அதன் பின்னர் அவர் என்ன செய்தார் தெரியுமா? போலீசுக்குப் போகவில்லை. சோதிடனிடம் போனார். சோதிடன், "உனக்குக் கிரகம் சரியில்லை" என்று சொல்லி ஐந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு ஒரு கயிற்றைக் கட்டி அனுப்பினான். செல்போன்காரன் விட்டுவைத்ததைச் சோதிடன் எடுத்துக்கொண்டான். இப்போது சொல்லுங்கள், இது சுயமரியாதைக் கூட்டத்தில் பேச வேண்டிய விஷயமா அல்லவா?

பேராசையா? தேவையா?

ஏமாந்தவர்களைப் பார்த்து ஊரார் சொல்லும் முதல் வார்த்தை, "பேராசை பெரு நஷ்டம்" என்பது. நான் அப்படிச் சொல்லத் தயாராக இல்லை. வருசநாட்டு மலையடிவாரத்தில் இருக்கிற உங்களுடைய பிழைப்பு எப்படிப்பட்டது? இலவம் பஞ்சு காய்த்தால் காசு; தென்னை காய்த்தால் காசு; மூல வைகையில் தண்ணீர் வந்தால் விவசாயம். இவை இல்லாத காலத்தில் என்ன செய்வது? நம் ஜில்லாவில் எத்தனையோ பெண்மக்கள் விடியற்காலையில் ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு போடிமெட்டும் கம்பம்மெட்டும் ஏறி ஏலத்தோட்டத்துக் கூலிக்குப் போய் இருட்டிய பிறகு வீடு திரும்புகிறார்கள். இப்படிப்பட்ட இடத்தில் "வீட்டில் இருந்தபடியே வேலை" என்று ஒருவன் சொன்னால், அதைக் கேட்கிறவள் பேராசைக்காரியா? வேலை தேடுவது பேராசையென்றால் உலகத்தில் யோக்கியன் ஒருவனும் இருக்க முடியாது.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்த வலையில் விழுகிறவர்களில் படித்த பெண்கள் நிறைய இருக்கிறார்கள். பி.ஏ., பி.எஸ்.சி., என்று பட்டம் வாங்கிய பெண்ணை, "கோயமுத்தூருக்குத் தனியாக அனுப்ப மாட்டோம், மதுரைக்கு அனுப்பினால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள், சாதி கெட்டுப் போகும்" என்று வீட்டிலேயே வைத்துக்கொள்ளுகிறோம். வாசற்படியைத் தாண்ட விடாதவர்களாகிய நாம்தான், "வாசற்படி தாண்டாமலே வேலை" என்று ஒருவன் தூண்டில் போடுவதற்கு மீனைப் பிடித்து வைத்துக் கொடுக்கிறோம். ஆகவே இந்த மோசடிக்கு முதற் கூட்டாளி செல்போன்காரன் அல்ல. பெண்ணை அடைத்து வைக்கும் நம்முடைய வழக்கந்தான்.

வேலை என்றால் என்ன?

தோழர்களே! இதற்கெல்லாம் பெரிய சாஸ்திரம் ஒன்றும் வேண்டியதில்லை. வேலை என்றால் என்ன? ஒருவன் உழைப்பைக் கொடுக்கிறான். மற்றொருவன் அதற்குக் கூலி கொடுக்கிறான். பணம் எப்போதும் வேலை கொடுப்பவன் கையிலிருந்து வேலை செய்பவன் கைக்கு வரும். வைகை வருசநாட்டு மலையிலிருந்து கீழே ஓடுகிற மாதிரி, கூலி மேலேயிருந்து கீழே வரவேண்டும். கீழேயிருந்து மலைக்கு ஆறு ஏறுகிறது என்று எவனாவது சொன்னால் நம்புவீர்களா? அதுபோலத்தான், "வேலை தருகிறேன், முதலில் நீ பணம் கட்டு" என்பதும்.

வீட்டிலிருந்து செய்கிற வேலை என்பது நமக்குப் புதிதா? ஆண்டிபட்டிப் பக்கத்தில் சக்கம்பட்டியில் வீட்டுக்குள்ளேயே தறி போட்டு நெய்கிறார்கள். திருநெல்வேலி, தென்காசிப் பக்கத்துப் பெண்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பீடி சுற்றுகிறார்கள். வீட்டிலிருந்து பீடி சுற்றுகிறவர்களும் தொழிலாளிகளே என்று 1966ஆம் வருஷத்துப் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் அன்றே ஒப்புக்கொண்டது. அங்கே கம்பெனிக்காரன் இலையும் தூளும் கொடுக்கிறான்; சுற்றிய பீடியை எண்ணி வாங்கிக்கொண்டு கூலி கொடுக்கிறான். கழிவு என்று சொல்லிக் கூலியைக் குறைத்து வஞ்சிப்பதும் உண்டு. அதை எதிர்த்துப் போராட வேண்டியதுந்தான். ஆனால் அங்கேயும் பணம் வரும் திசை மாறவில்லை என்பதைக் கவனியுங்கள். முதலாளி கூலியைக் குறைத்துத் திருடுகிறான். இந்தச் செல்போன்காரனோ கூலி என்று பெயர் வைத்து உங்கள் முதலையே திருடுகிறான்.

2020ஆம் வருஷம் மார்ச்சில் கொரோனாவுக்காக ஊரடங்கு போட்டபோது, பெரிய பெரிய கம்பெனிகள் தங்கள் சிப்பந்திகளை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னது வாஸ்தவம். இன்றும் அப்படி வேலை பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் படிப்பையும் திறமையையும் காட்டி, பரீட்சை எழுதி, நேரில் கேள்விக்குப் பதில் சொல்லி வேலைக்குச் சேர்ந்தவர்கள். அந்த மெய்யின் நிழலில்தான் இந்தப் பொய் ஒளிந்துகொண்டிருக்கிறது. கொஞ்சமாவது உண்மை இல்லாத பொய்யை யாரும் வாங்க மாட்டார்கள். நல்ல நோட்டு இருப்பதனால்தான் கள்ள நோட்டு செல்லுகிறது.

பிரசாதம் கொடுத்துப் பிடிப்பது

இந்த மோசடி நடக்கும் விதத்தைக் கேளுங்கள். வாட்ஸ்அப்பிலோ டெலிகிராமிலோ ஒரு பெண் பெயரில் சேதி வரும். "ஒரு வீடியோவுக்கு லைக் போடுங்கள், கூகுள் வரைபடத்தில் ஒரு ஓட்டலுக்கு ஐந்து நட்சத்திரம் கொடுங்கள், அவ்வளவுதான் வேலை" என்பார்கள். நீங்கள் செய்தால் நூற்றைம்பது ரூபாய் நிஜமாகவே உங்கள் கணக்குக்கு வந்துவிடும். உடனே, "பார்த்தாயா, பணம் வந்துவிட்டதே, பொய்யாக இருந்தால் வருமா?" என்று உங்கள் மனமே உங்களுக்கு எதிராக வக்காலத்து வாங்கிப் பேச ஆரம்பித்துவிடும். இந்த நூற்றைம்பது ரூபாய் எது? கோவிலில் கொடுக்கும் பிரசாதம். தேங்காயும் பழமும் தட்சணையும் நீங்கள் கொண்டுபோகிறீர்கள். ஒரு சிட்டிகை திருநீறு திரும்ப வருகிறது.

இரண்டாவது நாள், "ஆயிரம் கட்டினால் ஆயிரத்து முந்நூறு" என்பான். அதுவும் வரும். மூன்றாவது நாள் ஐயாயிரம், பிறகு இருபதாயிரம். இதற்கிடையில் உங்களை ஒரு கூட்டத்தில் சேர்ப்பான். அந்தக் கூட்டத்தில் இருக்கிற எல்லோரும், "எனக்கு நாற்பதாயிரம் வந்தது", "எனக்கு ஒரு இலட்சம் வந்தது" என்று ரசீதுப் படங்களைப் போட்டுக்கொண்டே இருப்பார்கள். அவர்கள் யார்? சாமியாருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "எனக்கு நோய் தீர்ந்தது, எனக்குப் பிள்ளை பிறந்தது" என்று கூவுகிற கையாட்கள் இருக்கிறார்களே, அவர்களேதான். அந்தக் கூட்டத்தில் ஏமாளி நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள்.

பெருந்தொகை சேர்ந்தவுடன் கதவு மூடிக்கொள்ளும். "நீ மூன்றாவது வேலையைத் தப்பாகச் செய்துவிட்டாய், கணக்கு முடங்கிவிட்டது, விடுவிக்க இன்னும் முப்பதாயிரம் கட்டு" என்பான். கட்டினால், "வரி கட்டு" என்பான். அதையும் கட்டினால், "உன் நம்பிக்கைப் புள்ளி குறைந்துவிட்டது" என்பான். பரிகாரம் பலிக்காவிட்டால் மந்திரவாதி என்ன சொல்லுகிறான்? "நீ சுத்தமாக விரதம் இருக்கவில்லை, இன்னொரு பூசை போடு" என்கிறான். இரண்டிலும் தப்பு எப்போதும் கொடுத்தவன்மேல்தான். வாங்கினவன்மேல் ஒருநாளும் கிடையாது.

இது ஏதோ ஒரு ஊரில் நடந்த கதையல்ல. இப்படிப்பட்ட பகுதி நேர வேலை மோசடி நடத்திவந்த நூற்றுக்கு மேற்பட்ட இணையத் தளங்களை 2023ஆம் வருஷம் டிசம்பரில் இந்திய சர்க்கார் முடக்கியது. வேலை இல்லாத வாலிபர்களையும், பெண்களையும், உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர்களையும் குறி பார்த்தே இவர்கள் விளம்பரம் செய்கிறார்கள் என்றும், வாங்கின பணத்தை வெளி நாட்டுக்குக் கடத்திவிடுகிறார்கள் என்றும் உள்துறை மந்திரி இலாகாவே அப்போது வெளியிட்டது. நூறு தளத்தை மூடினால் இருநூறு முளைக்கும். ஆதலால் சர்க்கார் மூடுவதை மட்டும் நம்பிப் பயனில்லை. நம் அறிவின் கதவைத் திறக்க வேண்டும்.

அந்தக் கூலியின் கணக்கைச் சற்றுப் போட்டுப் பாருங்கள். ஏலத்தோட்டத்தில் மழையில் நனைந்து, அட்டைக் கடி பட்டு, ஒரு பெண் பொழுது சாயும்வரை காய் பறித்து வாங்கும் கூலியை, விரலால் பத்துத் தடவை தொட்டதற்கு ஒருவன் கொடுக்கிறான் என்றால், அவனுக்கு அதில் இலாபம் எங்கே இருக்கிறது? தோட்ட முதலாளி ஏலக்காயை விற்றுக் கூலி கொடுக்கிறான். இவன் எதை விற்றுக் கொடுக்கிறான்? விற்கிற சரக்கு கண்ணுக்குத் தெரியவில்லையென்றால், அந்தச் சரக்கு நீங்கள்தான் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

நான் பட்டது

இவ்வளவு பேசுகிற நான் ஏமாறாதவன் என்று எண்ணிவிடாதீர்கள். சில வருஷங்களுக்கு முன் கையில் வேலையில்லாத காலத்தில், "வீட்டிலிருந்து டைப் அடிக்கும் வேலை" என்று ஒரு விளம்பரத்தைப் பார்த்து நானும் பணம் கட்டினேன். பதிவுக் கட்டணம் என்று இரண்டாயிரத்து ஐந்நூறு வாங்கினார்கள். ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். எழுத்து தெளிவில்லாத பக்கங்களை அனுப்பினார்கள். பத்து நாள் கண் விழித்து அடித்துக் கொடுத்தேன். கூலி கேட்டால், "பிழை அதிகம், ஒப்பந்தப்படி கூலி கிடையாது, எங்களுக்கு ஏற்பட்ட நஷ்டத்துக்கு நீதான் பணம் கட்டவேண்டும்" என்று வக்கீல் பெயரில் ஒரு நோட்டீசு வந்தது. "கட்டாவிட்டால் போலீசு வரும்" என்று போனிலும் மிரட்டினார்கள்.

கடவுளுக்குப் பயப்படாத நான் அந்தக் காகிதத்துக்குப் பயந்தேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்ளுகிறேன். பிறகு தெரிந்த வக்கீல் ஒருவரிடம் காட்டினபோது அவர் சிரித்தார். "ஒப்பந்த நஷ்டம் என்பது சிவில் வியாச்சியம். வழக்குப் போட்டு, கோர்ட்டில் ருசுப்படுத்தி, தீர்ப்பு வாங்கவேண்டும். போலீசு எங்கே வருகிறது? இவன் கோர்ட்டு வாசற்படியை மிதிக்கவே மாட்டான்" என்றார். நான் பணம் கட்டவில்லை. போலீசும் வரவில்லை, வழக்கும் வரவில்லை. பயத்தில் கட்டியிருந்தால் அடுத்த நோட்டீசு வந்திருக்கும். நரகத்தைக் காட்டிப் பிடுங்குவதும் கோர்ட்டைக் காட்டிப் பிடுங்குவதும் ஒரே தொழில்தான்.

உறவுக்காரன் கொண்டுவந்தால்?

"ஊர் பேர் தெரியாதவன் சொன்னால் நம்பமாட்டேன், என் மச்சானே சேர்ந்திருக்கிறானே, என் பெரியம்மா மகனே வாங்குகிறானே" என்று சிலர் சொல்லுவீர்கள். கோயமுத்தூரில் மைவி3 ஆட்ஸ் என்ற ஒரு நிறுவனம், செல்போனில் விளம்பரம் பார்த்தால் தினம் வருமானம் என்று சொல்லி, சில நூறு ரூபாயிலிருந்து ஒரு இலட்சத்துக்கு மேல்வரை படி படியாகக் கட்டணம் வைத்து அங்கத்தினர்களைச் சேர்த்தது. 2024ஆம் வருஷம் ஜனவரியில் போலீசார் அதன்மேல் வழக்குப் பதிவு செய்தார்கள். வழக்கின் முடிவைச் சொல்லவேண்டியது கோர்ட்டு, நானல்ல. நான் காட்ட விரும்புவது வேறொன்று. அந்த மாதம் 29ந் தேதி நீலம்பூர்ப் பக்கத்தில் ஆயிரக்கணக்கான மக்கள் கூடினார்கள். எதற்காக? கட்டின பணத்தைத் திருப்பிக் கேட்பதற்காகவா? இல்லை, நிறுவனத்துக்கு ஆதரவாக. "எங்களுக்குப் பணம் வருகிறது, நீங்கள் ஏன் தடுக்கிறீர்கள்?" என்று கேட்டார்கள்.

அவர்களை நான் முட்டாள்கள் என்று சொல்லமாட்டேன். பணம் வருகிறது என்பது மெய்யாகவே இருக்கலாம். எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி. பின்னால் சேருகிறவன் கட்டுகிற பணத்தை முன்னால் சேர்ந்தவனுக்குக் கொடுத்தால், பின்னால் ஆள் சேருகிறவரைக்கும் எந்தத் திட்டமும் ஓடும். ஒருவன் ஐந்து பேரைச் சேர்க்கவேண்டும், அந்த ஐந்து பேரும் ஆளுக்கு ஐந்து பேரைச் சேர்க்கவேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 5, 25, 125, 625 என்று போய், பதின்மூன்றாவது படியில் 122 கோடிப் பேர் வேண்டும். பிறந்த குழந்தையையும் சாகக் கிடக்கிற கிழவனையும் சேர்த்தாலும் இந்தத் தேசத்தில் அதற்குமேல் ஒரு படிக்கு ஆள் கிடையாது. ஆகவே கடைசிப் படியில் இருக்கிறவன் ஏமாந்தே தீரவேண்டும். எப்போதும் கடைசிப் படியில் இருக்கிறவர்கள்தான் அதிகம். இப்படி ஆள் சேர்த்துப் பணம் சுற்றவிடும் திட்டங்களை 1978ஆம் வருஷத்துச் சட்டமே தடை செய்திருக்கிறது. உறவுக்காரன் சொல்லுகிறான் என்பது ஆதாரமாகாது. அவன் உங்களை ஏமாற்ற நினைக்கவில்லை. ஏமாந்ததை உங்களுக்குப் பங்கு வைக்கிறான், அவ்வளவுதான். தகப்பன் பாட்டன் நம்பினதால் நம்புகிறேன் என்பதற்கும் இதற்கும் என்ன பேதம்?

கணக்கை வாடகைக்கு விடாதீர்கள்

வாலிபர்களுக்கு முக்கியமாக ஒன்று சொல்லவேண்டும். "வேலை ஒன்றும் செய்யவேண்டாம், உன் பாங்கிக் கணக்கையும் ஏ.டி.எம். கார்டையும் சிம் கார்டையும் கொடு, மாதம் ஐயாயிரம் தருகிறேன்" என்று ஒருவன் வருவான். அல்லது, "உன் கணக்குக்கு வரும் பணத்தை நான் சொல்லும் கணக்குக்கு அனுப்பு, நூற்றுக்கு இரண்டு உனக்கு" என்பான். உங்கள் கணக்குக்கு வருகிற அந்தப் பணம், எங்கேயோ இன்னொரு தாயார் தோட்டை அடகு வைத்துக் கட்டின பணம். போலீசார் பணம் போன வழியைத் தேடிக்கொண்டு வரும்போது முதலில் அகப்படுவது நீங்கள்தான். மோசடிக்காரன் கடல் கடந்து இருப்பான்; கணக்கு மயிலாடும்பாறைப் பையன் பெயரில் இருக்கும். "எனக்குத் தெரியாது" என்றால் விட்டுவிடுவார்களா?

கங்காணியின் பேரன்

கடல் கடந்து என்று சொன்னேன். நம்மவர்களை வேலை என்று ஆசைகாட்டிக் கடல் கடத்தினது இன்று நேற்றைய சங்கதியா? தேயிலைத் தோட்டத்துக்கும் ரப்பர்த் தோட்டத்துக்கும் என்று கங்காணிகள் ஊர் ஊராக வந்து, கையில் முன்பணம் கொடுத்து, இலங்கைக்கும் மலேயாவுக்கும் நம் மக்களை ஓட்டிக்கொண்டு போனார்கள். இலங்கையில் தொழிலாளியின் கடனை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, கடனோடு ஆளையும் ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்குக் கைமாற்றினார்கள். அந்தத் துண்டு முறை 1921இல்தான் ஒழிந்தது. மலேயாவுக்குக் கூலிகளைத் திரட்டி அனுப்புவது 1938இல் நின்றது.

கங்காணி செத்தான், அவனுடைய பேரன் செல்போனுக்குள் உட்கார்ந்திருக்கிறான். 2022ஆம் வருஷத்தில், "தாய்லாந்தில் கம்ப்யூட்டர் உத்தியோகம், கை நிறையச் சம்பளம்" என்ற சொல்லை நம்பிப் போன நம் வாலிபர்கள், எல்லை தாண்டி மியான்மரில் மியாவாடி என்னும் இடத்துக்குக் கடத்தப்பட்டார்கள். அவர்களில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 13 பேர் அந்த வருஷம் அக்டோபர் 5ந் தேதி மீட்கப்பட்டுச் சென்னை வந்து சேர்ந்தார்கள். 2025ஆம் வருஷம் மார்ச்சில் இந்தப் பகுதி முகாம்களிலிருந்து தப்பிய 549 இந்தியர்களை விமானப் படை விமானங்களில் ஏற்றிக் கொண்டுவரவேண்டியதாயிற்று. மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும், கம்போடியாவில் சுமார் 1,00,000 பேரும் இப்படி அடைபட்டிருக்கலாம் என்று ஐக்கிய நாடுகள் மனித உரிமை அலுவலகம் 2023இல் சொல்லிற்று.

அங்கே அவர்களுக்குக் கொடுத்த வேலை என்ன தெரியுமா? செல்போனில் உலகத்து மக்களை ஏமாற்றும் வேலை! செய்யமாட்டேன் என்றவர்களுக்கு அடியும் உதையும். ஆகவே, உங்களுக்கு, "அக்கா, வீட்டிலிருந்தே வேலை" என்று சேதி அனுப்புகிறவன், வேலை தேடிப் போய் அடிமையான ஒரு ஏழைத் தாயின் மகனாகவும் இருக்கலாம். வேலையில்லாத ஒருவனைக் கொண்டே வேலையில்லாத மற்றொருவளைக் கொள்ளையடிக்கிறார்கள். கொள்ளை போகுமிடம் மட்டும் வேறு.

வெளி நாட்டுக்கு ஆள் எடுக்கும் ஏஜெண்டு மத்திய சர்க்காரிடம் பதிவு பெற்றிருக்கவேண்டும் என்பது 1983ஆம் வருஷத்துக் குடிபெயர்வுச் சட்டம். பதிவைக் காட்டு என்று கேளுங்கள். சுற்றுலா விசாவில் வேலைக்குப் போகச் சொல்லுகிறவன் ஏஜெண்டு அல்ல, ஆள் கடத்துகிறவன்.

கேட்கவேண்டிய கேள்விகள்

தோழர்களே! ஒரு வேலை வந்தால் இவற்றைக் கேட்டுப் பாருங்கள். பணம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது? பதிவு, பயிற்சி, ஜாமீன், அடையாள அட்டை, வரி, எந்தப் பெயரிலானாலும் உங்கள் கையிலிருந்து போனால் அது வேலையல்ல. நான் கேட்காமல் இந்த வேலை ஏன் என்னைத் தேடி வந்தது? என் படிப்பையும் திறமையையும் சோதித்தார்களா? இந்தக் கூலி கொடுக்க அவனுக்கு இலாபம் எங்கிருந்து வருகிறது? அவன் கம்பெனியின் பெயர் சொன்னால், அவன் கொடுத்த நம்பரை விட்டுவிட்டு, அந்தக் கம்பெனியின் விலாசத்தை நாமே தேடிப் பிடித்துக் கேட்டால் ஆமென்கிறார்களா? "இன்று இரவுக்குள் சேராவிட்டால் போய்விடும், வீட்டில் சொல்லாதே" என்று அவசரப்படுத்துகிறானா? நல்ல வேலைக்கு நாலு பேரிடம் யோசனை கேட்க நேரம் உண்டு. யோசிக்காதே என்று சொல்லுகிறவன் சாமியாரானாலும் சரி, மானேஜரானாலும் சரி, அவன் திருடன்.

"சர்க்கார் பரீட்சைக்கும் பணம் கட்டுகிறோமே?" என்று ஒரு தோழர் கேட்கலாம். கட்டுகிறோம். அது எவ்வளவு என்று ஊரறிய விளம்பரம் செய்திருக்கிறார்கள், சர்க்காருக்கே கட்டுகிறோம், ஒரு தடவைதான் கட்டுகிறோம், கட்டினால் வேலை நிச்சயம் என்று அங்கே யாரும் சொல்லுவதில்லை. "ஜி.எஸ்.டி. சர்டிபிகேட் காட்டினானே?" என்றால், காகிதம் அச்சடிக்க எவனுக்கும் முடியும், மெய்யான பதிவே இருந்தாலும் அது வரிக்கான பதிவேயன்றி யோக்கியதைப் பத்திரம் ஆகாது. இன்னும் ஒன்று. உங்களுக்குப் பணம் வருவதற்கு நீங்கள் ரகசிய எண்ணை அமுக்கவேண்டியதில்லை. எந்தக் கட்டத்தையும் ஸ்கேன் செய்யவும் வேண்டியதில்லை. ரகசிய எண்ணை அமுக்கினால் பணம் போகிறது என்றே அர்த்தம்.

ஏமாந்தால் செய்யவேண்டியது

ஏமாந்துவிட்டால் என்ன செய்வது? உடனே 1930 என்ற நம்பருக்குப் போன் செய்யுங்கள். மணிக் கணக்கில் தாமதிக்காதீர்கள். பணம் ஒரு கணக்கிலிருந்து மறு கணக்குக்கு ஓடிக்கொண்டே இருக்கும். ஓடி முடிவதற்குள் சொன்னால் வழியில் நிறுத்திவைக்க இடமுண்டு. பிறகு சைபர் குற்றப் போலீசில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். வந்த சேதிகளையும் பணம் கட்டின ரசீதுகளையும் அழித்துவிடாதீர்கள், அவைதான் சாட்சி. "போன பணத்தை நான் மீட்டுத் தருகிறேன், அதற்கு ஐயாயிரம் கொடு" என்று பின்னாலேயே ஒருவன் வருவான். அவன் முதல் திருடனுடைய தம்பி.

புருஷன் அடிப்பான், மாமியார் ஏசுவாள், ஊர் சிரிக்கும் என்று பயந்துதான் பெண்கள் வாய் திறப்பதில்லை. அந்தப் பயம் எவனுக்கு இலாபம்? திருடனுக்கே. திருட்டுக் கொடுத்தவள் தலை குனிவதும், திருடினவன் தலை நிமிர்ந்து நடப்பதும் எந்த ஊர் நியாயம்? ஏமாந்த மனைவியை அடிக்கிற புருஷன் திருடனுக்குச் சம்பளமில்லாத காவற்காரன். அதுபோலவே, "தலையெழுத்து" என்று சொல்லி அடங்கிப்போவதும் திருடனுக்குச் செய்யும் உதவிதான். தலையில் எழுதினவன் ஒருவனும் இல்லை. கணக்கில் எழுதினவன் இருக்கிறான், அவனைத்தான் தேடவேண்டும்.

நம் கழகத்து வாலிபர்களுக்கு ஒரு வேலை சொல்லுகிறேன். கூலி கிடையாது, கட்டணமும் கிடையாது. வாரத்துக்கு ஒரு நாள் மாலை படிப்பகத்தில் உட்காருங்கள். செல்போனில் வேலை என்று சேதி வந்தவர்கள் கொண்டுவந்து காட்டட்டும். இந்தக் கேள்விகளைப் போட்டுச் சேர்ந்து ஆராயுங்கள். ஏமாந்தவர்கள் வந்தால் சிரிக்காமல் 1930க்குப் போன் போட்டுக் கொடுங்கள். பெற்றோர்களுக்கு ஒன்று சொல்லுகிறேன். பட்டம் வாங்கின பெண்ணை வீட்டில் பூட்டி வைக்காதீர்கள். வெளியே போய் நாலு இடம் பார்த்து, நாலு பேரோடு பழகி, நேரில் வேலை செய்து சம்பளம் வாங்கினவளை எந்தச் செல்போன்காரனும் சுலபத்தில் ஏமாற்ற முடியாது.

தோட்டை அடகு வைத்த அந்தத் தாயார் இக்கூட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். அம்மா! உங்களுக்குக் கிரகம் சரியாகத்தான் இருக்கிறது. கையில் இருக்கிற கயிற்றை அறுத்துப் போடுங்கள். நாளைக் காலையில் தோழர்கள் இரண்டு பேர் உங்களோடு தேனிக்குப் போலீசு ஸ்டேஷனுக்கு வருவார்கள். பணம் திரும்பி வரும் என்று நான் ஆசை காட்டமாட்டேன். அப்படி ஆசை காட்டுகிறவர்களைப் பற்றித்தானே இவ்வளவு நேரம் பேசினேன். ஆனால் நீங்கள் கொடுக்கும் புகாரினால் இன்னொரு பெண்ணுடைய தோடு காதிலேயே இருக்கக்கூடும்.

தோழர்களே! நான் சொன்னேன் என்பதற்காக இவற்றை நம்பிவிடாதீர்கள். நான் சொன்னதையும் அதே கேள்விகளைப் போட்டு ஆராய்ந்து பாருங்கள். சரியென்று பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள்; இல்லையென்றால் தள்ளிவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டு முடித்துக்கொள்ளுகிறேன்.